ஒரே சீட்டில் மூன்று எம்.எஸ்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் தங்கைக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் படபடப்பு அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆர்.எச்.டி., சிவியர் எம்.எஸ்., ஏ.எஃப்.’ என்று இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் எம்.எஸ். என்று செல்போனில் தேடிவிட்டு, சித்திக்கு மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய் வந்திருக்கிறது, போகப் போக நடக்க முடியாமல் ஆகிவிடலாம் என்கிறான். ஆர்.எச்.டி. என்பது ரத்த வகையாம். அதே தாளில் ‘ஆர்.ஏ.’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. எங்கள் அத்தைக்கு ஆர்.ஏ. வந்து விரல்கள் கோணிப்போனதைப் பார்த்த குடும்பம் இது. தங்கை சரியாகச் சாப்பிடுவதே இல்லை. என் கணவர் இரும்புக் கடை வைத்திருக்கிறார். “எனக்குத் தெரிந்த எம்.எஸ். மைல்ட் ஸ்டீல்தான், டாக்டர் பெயருக்குப் பின்னாலும் எம்.எஸ். இருக்கிறதே, அவருக்கும் அதே நோயா?” என்று வேடிக்கை பேசுகிறார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். நரம்பு நோய்க்கு எதற்குப் பென்சிலின்? நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம், போகலாமா? ஒரே எழுத்துக்கு இத்தனை பொருள் இருந்தால் நாங்கள் எதைத்தான் நம்புவது? சம்மரியின் நகலை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தங்கையைச் சாப்பிடச் சொல்லுங்கள். நகலைப் படித்தேன். அதில் எழுதியிருப்பது நரம்பு நோய் இல்லை. இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்று ஒன்று உண்டு. அது சுருங்கிப்போவதன் பெயர் மைட்ரல் ஸ்டெனோசிஸ். அதைத்தான் எம்.எஸ். என்று எழுதியிருக்கிறார்கள். லேசாக எடுத்துக்கொள்ளக்கூடிய நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மருந்தும் இருக்கிறது, வால்வை விரித்துவிடும் வழியும் இருக்கிறது. உங்கள் மகன் படித்தது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்கிற வேறு நோயைப் பற்றி. இரண்டுக்கும் அந்த இரண்டு எழுத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு எழுத்தை மட்டும் தனியாக என்னிடம் காட்டியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. முன்னும் பின்னும் இருக்கும் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன. எம்.எஸ்.ஸுக்கு முன்னால் ஆர்.எச்.டி. இருக்கிறது. ருமாட்டிக் ஹார்ட் டிசீஸ், அதாவது வாதக் காய்ச்சலால் வந்த இதய நோய். சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வரும். சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்குக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடும். அப்போது மூட்டு வீங்கியிருக்கும், காய்ச்சல் அடித்திருக்கும், வீட்டில் மறந்தும் போயிருப்பார்கள். வால்வு தடித்துச் சுருங்கி மூச்சுத் திணறலாக வெளியே தெரிவதற்குள் பத்து, இருபது ஆண்டுகள் ஓடிவிடும். நம் நாட்டில் இந்த நோயோடு வருகிறவர்களில் பெண்களே அதிகம். தங்கையின் வயதும் கதையும் அப்படியே பொருந்துகின்றன.

பென்சிலினுக்கும் இதில் விடை கிடைத்துவிட்டது. அந்தக் கிருமி மறுபடி தொண்டைக்கு வந்து வால்வை இன்னும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. உங்கள் மகன் சொல்லும் நரம்பு நோய்க்கு யாரும் இந்த ஊசி எழுத மாட்டார்கள். ‘நரம்பு நோய்க்கு எதற்குப் பென்சிலின்?’ என்று நீங்கள் கேட்டிருப்பதே சரியான சந்தேகம். செல்போனில் வந்த விடை மருந்தோடு பொருந்தவில்லை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அதை நம்பாமல் விட்டதுதான் குறை.

இன்னொரு தடயம் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனையின் அறிக்கையில் இருக்கிறது. ‘எம்.வி.ஏ. 0.9’ என்று எழுதியிருக்கிறார்கள். மைட்ரல் வால்வு திறக்கும் பரப்பு 0.9 சதுர சென்டிமீட்டர் என்று அர்த்தம். நல்ல வால்வு நாலிலிருந்து ஆறு வரை திறக்கும், ஒன்றரைக்குக் கீழே வந்தால் ‘சிவியர்’ என்போம். ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் மேலறையில் தேங்குகிறது. தேங்கத் தேங்க மேலறை பெரிதாகிறது, ஒழுங்கான துடிப்பை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கிறது. அந்த நடுக்கம்தான் ஏ.எஃப்., ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தங்கைக்கு வந்த படபடப்பு அதுவே.

உங்கள் மகனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஆர்.எச்.டி. ரத்த வகையில் வருவது உண்மைதான். பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது ஆர்.எச். வகையில் டி என்ற அணுக்கூறு இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் குறிக்கிறது. ஆனால் அது ரத்த வங்கியின் சீட்டில் வரும், பக்கத்திலேயே ‘பாசிட்டிவ்’ என்றோ ‘நெகட்டிவ்’ என்றோ இருக்கும். நோய்க்கான கட்டத்தில் வந்தால் அது ரத்த வகை இல்லை.

எம்.எஸ். விஷயத்தில் அவர் சறுக்கியதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் எந்த மருத்துவக் கல்லூரி வார்டிலும் ‘ஒரு எம்.எஸ். கேஸ் வந்திருக்கிறது’ என்றால் மாணவர்கள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். முதல் இதய ஒலி பலமாகக் கேட்கும், பிறகு வால்வு திறக்கும் ஒரு ‘சடக்’, அதன் பின்னே இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் மட்டும் பிடிபடும் தாழ்ந்த உருட்டல் சத்தம். எம்.டி. பரீட்சையில் இதை வைத்துத்தான் காலம் காலமாக மாணவர்களை வறுத்தெடுத்திருக்கிறோம். எங்களுக்கு எம்.எஸ். என்றால் முதலில் இதயம்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை தலைகீழ். வீட்டு வசதி, சுகாதாரம், பென்சிலின் எல்லாம் சேர்ந்து வாதக் காய்ச்சலை அங்கே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அரிதாக்கிவிட்டன. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் அங்கே நம் ஊரைவிட அதிகம். நோயாளிகளுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, நிதி திரட்டுகிறார்கள், மே 30-ஐ உலக எம்.எஸ். நாளாக நடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதால், செல்போனில் தேடினால் அந்த ஊர்களின் எம்.எஸ்.தான் முன்னால் வந்து நிற்கும். ஏழை நாடுகளின் குழந்தைகளைத் தாக்கும் எம்.எஸ். பின்வரிசையில் இருக்கும். உங்கள் மகன் தேடியதில் தவறில்லை. அவருக்குக் கிடைத்தது வேறொரு நாட்டின் விடை, அவ்வளவுதான்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் பற்றியும் அவர் படித்த பயம் முழுக்க நியாயமில்லை. நரம்பின் மேலுறையை எதிர்ப்புச் சக்தி அரிக்கும் நோய் அது. இன்று அதற்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன, அது வந்த எல்லோரும் நடக்க முடியாமல் போவதில்லை. தங்கைக்கு அது இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

இனி ஆர்.ஏ. உங்கள் தாளில் அது வரும் இரண்டு இடத்தையும் எடுத்துப் பாருங்கள். முதல் இடம் ‘ஆக்சிஜன் அளவு 96 சதவீதம், ஆர்.ஏ.’ இது ரூம் ஏர். குழாய் வழியாக ஆக்சிஜன் கொடுக்காமல், அறையில் உள்ள காற்றைச் சுவாசிக்கும்போதே 96 இருந்தது என்று பொருள். கொண்டாட வேண்டிய ஆர்.ஏ. இரண்டாவது இடம் எக்கோ அறிக்கையில், ‘எல்.ஏ., ஆர்.ஏ. டைலேட்டட்’. லெஃப்ட் ஏட்ரியம், ரைட் ஏட்ரியம். இதயத்தின் இடது, வலது மேலறைகள் விரிந்திருக்கின்றன. ஒரே தாளில், அரைப்பக்க இடைவெளியில், அதே எழுத்து ஒரு தடவை காற்றாகவும் ஒரு தடவை இதய அறையாகவும் வருகிறது. உங்கள் அத்தையைப் படுத்திய ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் இரண்டு இடத்திலும் இல்லை. எல்.ஏ.யை வைத்தும் பயந்துவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் போனால் அவர் சீட்டில் எல்.ஏ. என்று எழுதுவது மரத்துப்போகப் போடும் ஊசியை.

உங்கள் கணவர் வேடிக்கையாகக் கேட்டதில் பாதி உண்மை. அந்தத் தாளில் உண்மையிலேயே மூன்று எம்.எஸ். இருக்கின்றன. மேலே இருப்பது நோய். கடைசிப் பக்கத்தில் இதய அறுவை மருத்துவரின் பெயருக்குப் பின்னால் இருப்பது பட்டம், மாஸ்டர் ஆஃப் சர்ஜரி. அதன் கீழே ரப்பர் முத்திரையில் இருப்பது மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், மருத்துவமனைக் கண்காணிப்பாளர். இதே மாதிரி ‘டி.எம். – இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது சர்க்கரை நோய் இல்லை என்பது. இதய மருத்துவர் பெயருக்குப் பின்னால் உள்ள டி.எம். அவர் வாங்கிய மேற்படிப்புப் பட்டம். கடைக்குப் போனால் உங்கள் கணவர் சொல்வதுபோல எம்.எஸ். பைப், எம்.எஸ். தகடு. பெட்ரோல் பங்குக்குப் போனால் எம்.எஸ். என்பது மோட்டார் ஸ்பிரிட், பெட்ரோலின் சட்டப்பூர்வமான பெயர். பக்கத்தில் எச்.எஸ்.டி. என்று இருப்பது டீசல். மகன் அமெரிக்கா போய் எம்.எஸ். படிக்கிறேன் என்றால் அது மாஸ்டர் ஆஃப் சயின்ஸ், கத்தி எடுக்கிற படிப்பு இல்லை. மதுரை சண்முகவடிவு என்ற இரண்டு முதலெழுத்தை ஒரு பெயராகவே ஆக்கிவிட்டுப் போன சுப்புலட்சுமி அம்மையாரை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அது தனி.

இவற்றிலெல்லாம் ஆபத்து இல்லை. இரும்புக் கடையில் யாரும் வால்வு நோய் கேட்டு வருவதில்லை. ஒரே கட்டடத்துக்குள், ஒரே மருந்து அலமாரிக்கு முன்னால், ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் இருக்கும்போதுதான் உயிருக்குக் கேடு. அதற்கும் எம்.எஸ்.ஸே சான்று. மார்ஃபின் சல்ஃபேட் வலிக்கு, மெக்னீசியம் சல்ஃபேட் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும்போது. இரண்டையும் எம்.எஸ். என்று சுருக்கி எழுதும் பழக்கம் இருந்தது. இரண்டுமே அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும், ஆனால் முறிவு மருந்து வேறு வேறு. மார்ஃபினுக்கு நாலாக்ஸோன், மெக்னீசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட். மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, 2004-இல் ‘எழுதவே கூடாத சுருக்கங்கள்’ என்று ஒரு சிறு பட்டியல் போட்டபோது அதில் எம்.எஸ். இடம்பெற்றது. மருந்தின் முழுப் பெயரை எழுது என்பதுதான் உத்தரவு. அதே பட்டியலில் இன்சுலினுக்குப் பக்கத்தில் எழுதும் ‘யு’ என்ற எழுத்தும் உண்டு. யூனிட் என்பதைச் சுருக்கி 10-க்குப் பின்னால் ஒட்டி எழுதினால், கையெழுத்தில் அது இன்னொரு பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகிவிடும்.

உங்கள் தங்கையின் மருந்துச் சீட்டிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கின்றன. ‘ஓ.டி.’ என்றால் நாளுக்கு ஒரு வேளை. கண் மருத்துவர் கண்ணாடிச் சீட்டில் ஓ.டி. என்று எழுதினால் வலது கண். வாய்வழி கொடுக்க வேண்டிய திரவ மருந்தைக் கண்ணில் விட்ட சம்பவங்கள் வெளிநாட்டில் பதிவாகியிருக்கின்றன, காரணம் இந்த ஓ.டி. உங்கள் கணவருக்கு ஓ.டி. என்றால் வங்கியின் ஓவர் டிராஃப்ட், மகனுக்குக் கல்லூரியில் ஆன் டியூட்டி. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று பாரசிட்டமாலுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அபாய அறிவிப்பு என்று நினைத்திருந்தால், அது அப்படி இல்லை. ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்றொடரின் முதலெழுத்துகள். வலி இருந்தால் போட்டுக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு. கப்பல்களின் எஸ்.ஓ.எஸ். 1906-இல் பெர்லின் மாநாட்டில் முடிவானது, தந்தி அடிக்கச் சுலபமான குறி என்பதற்காக. அது எதன் சுருக்கமும் அல்ல. ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்ற விரிவாக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது.

நமக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் P-யும் B-யும் தனித்தனி எழுத்து, T-யும் D-யும் தனித்தனி எழுத்து. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும். எனக்கு ஒரு வாசகர் ‘அம்மாவுக்குப் பி.பி. 210, என்ன செய்வது?’ என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். ரத்த அழுத்தம் 210 என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரையையும் பி.பி. என்றுதான் பரிசோதனைக்கூடத்தில் சொல்கிறார்கள். அது 210 என்றால் மருந்தையும் சாப்பாட்டையும் சரிசெய்ய வேண்டும், ஆனால் நள்ளிரவில் ஆட்டோ தேட வேண்டியதில்லை. தங்கையின் தாளைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டால் நீங்களும் இதில் மாட்டுவீர்கள். ஒரு மாத்திரைக்குப் பக்கத்தில் ‘பி.டி.’ என்று வரும், நாளுக்கு இரண்டு வேளை. கீழே ‘பி.டி. ஐ.என்.ஆர்.’ என்று வரும், அது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை. ‘பி.டி. ரெஃபரல்’ என்று இருந்தால் பிசியோதெரபி. வீட்டில் எழுதும்போது ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்றே எழுதுங்கள்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். நாங்கள் ஏன் இப்படிச் சுருக்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்காக இல்லை. ஒரு காலை நேரத்தில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி மருத்துவர், ‘மைட்ரல் ஸ்டெனோசிஸ்’ என்று பக்கத்துக்கு ஐந்து தடவை எழுத மாட்டார். எக்கோ அறைக்குள், இதய வார்டுக்குள் அது முழுக்க நியாயமானது. அங்கே எம்.எஸ்.ஸுக்கு ஒரே பொருள்தான், யாரும் குழம்புவதில்லை. குறை எங்கே என்றால், வார்டுக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அதே குறிப்பை அப்படியே நகலெடுத்து ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ என்று தலைப்புப் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில். அந்தத் தாள் வார்டை விட்டு வெளியே போகிறது. குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், காப்பீட்டு அலுவலகத்துக் குமாஸ்தா என்று எத்தனையோ பேர் கைக்குப் போகும். ஒவ்வொருவரும் தன் துறையின் கண்ணோடு படிப்பார்கள். சம்மரியில் ‘டி.ஓ.ஏ.’, ‘டி.ஓ.டி.’ என்று தேதி போடுகிறோம், சேர்ந்த நாள், வீட்டுக்கு அனுப்பிய நாள். அவசர சிகிச்சைப் பிரிவில் டி.ஓ.ஏ. என்றால் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. வேறு சில படிவங்களில் டி.ஓ.டி. இறந்த நாள். உயிரோடு வீடு திரும்பியவரின் தாளில் இந்த எழுத்துகளைப் போட எங்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று நானே யோசித்திருக்கிறேன். நோயின் பெயரை ஒரே ஒரு இடத்தில், முதல் வரியில் முழுதாக எழுதினால் போதும். பத்து விநாடி வேலை. அதைச் செய்யாதது சோம்பல்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

எனவே இதைச் செய்யுங்கள். சேர்த்திருந்த மருத்துவமனைக்கே அந்தத் தாளை எடுத்துப் போய், ‘நோயின் பெயரை முழுதாக எழுதி, அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். தங்கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள், நான் தாளைத்தான் பார்த்தேன்; நான் சொன்னதையும் அவர்கள் வாயால் உறுதி செய்துகொள்ளுங்கள். எக்கோ அறிக்கை, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நோயாளியோ குடும்பத்தினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. மருந்தின் பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் 2016-இல் அதில் திருத்தம் வந்தது.

மகனிடமும் சொல்லுங்கள், தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்தை மட்டும் போட்டுத் தேடாமல், சீட்டில் பக்கத்தில் இருக்கும் சொல்லையும் சேர்த்துப் போட்டுத் தேடட்டும். எம்.எஸ்.ஸோடு ‘எக்கோ’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் முதல் வரியிலேயே வால்வு வந்திருக்கும். வந்த விடை கொடுத்திருக்கும் மருந்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் விடைதான் தப்பு என்று முதலில் சந்தேகப்படட்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிடுங்கள். அந்த நாளில் இதய மருத்துவரிடம் போங்கள். அங்கே உங்களுக்கு இதே குழப்பம் தலைகீழாக வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். சம்மரியில் ‘பி.டி.எம்.சி.க்குத் திட்டமிடலாம்’ என்று இருக்கிறது. வேறொரு மருத்துவர் பி.எம்.வி. என்பார், இன்னொருவர் பி.பி.எம்.வி. என்பார். மூன்று சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம், மூன்றும் ஒன்றுதான். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய், ஒட்டிக்கிடக்கும் வால்வை விரித்துவிடுவார்கள். 1980-களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே வடிவமைத்த பலூன் அது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. வால்வின் அமைப்பு இடம்கொடுத்தால்தான் செய்ய முடியும். இல்லாவிட்டால் ‘எம்.வி.ஆர்.’ என்பார்கள். அது மட்டும் வேறு, அறுவை செய்து வால்வையே மாற்றுவது.

அதுவரை மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருக்கும் அசெனோகூமரால் மாத்திரையைத் தானாக நிறுத்தவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ கூடாது. மேலறை நடுங்கும்போது அங்கே ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். தங்கையின் நரம்புக்கு ஆபத்து வருவதாக இருந்தால் இந்த வழியாகத்தான் வரும். மருத்துவர் சொன்ன நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சீட்டில் உள்ள பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. கீரை இந்த மாத்திரையின் வேலையை மாற்றும்; அதை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், ஒரே நாளில் அளவுக்கு மீறிச் சாப்பிடவும் வேண்டாம். பென்சிலின் ஊசித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவதாக, இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சுருங்கிய வால்வுக்குக் கர்ப்பக்காலம் பெரிய சுமை, இந்த மாத்திரையும் கருவுக்கு ஆகாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சளியில் ரத்தம் வருகிறது, வாய் கோணுகிறது, கை கால் திடீரென்று தளர்கிறது என்றால் யாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பலூன் சிகிச்சைக்கு முன் ‘டி.இ.இ.’ என்று ஒரு பரிசோதனை எழுதித் தருவார்கள். மேலறையில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழியாகச் சின்னக் கருவியை இறக்கிப் பார்க்கும் எக்கோ அது. வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். எத்தனை மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், அன்று காலை எந்த மாத்திரை போடலாம் என்று தேதி வாங்கும்போதே கேட்டு, விடையைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.